கதவு போடாத வீடு

அமரர் ஊர்தி வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஹவுஸ் ஓனர் திருமுருகன் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திறந்துவிடத்தான் பிடித்திருக்கிறார் என்று கொளஞ்சி முதலில் நினைத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இன்னிக்கு அவிட்டம், அடப்பு நட்சத்திரம். பாடிய உள்ள வச்சா ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போட்டுரணும். மேல நாங்க குடியிருக்கோம். மருமக வேற மாசமா இருக்கா” என்றார் அவர்.

“உசுரு போனது ஆஸ்பத்திரியிலதானங்க சார்.”

“எங்க போனாலும், கொண்டாந்து கெடத்துற எடம்தான் கணக்கு. என்னை மனுசனே இல்லன்னு நெனச்சுராதீங்க. தெருவுல பந்தல் போட்டுக்கங்க. சேருக்கு நான் சொல்லிடறேன்.”

காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மாடியிலிருந்து இறங்கியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கருவாடு வறுக்கக் கூடாது, சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு நாளைக்கு மேல் தங்கக் கூடாது என்பதையெல்லாம் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சாகக் கூடாது என்று மட்டும் அக்ரிமெண்டில் எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது.

ராத்திரி பத்து மணிக்குக் கேட்டுக்குப் பூட்டு விழுந்துவிடும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா மாஸ்டராக இருந்த அவள் புருஷன் அறிவழகனுக்குக் கல்லைக் கழுவிவைக்கவே பதினொன்றரை ஆகும். சாவி கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. அதனால் பதினோரு வருஷமும் சுவரேறிக் குதித்துத்தான் வீட்டுக்கு வந்தான். ஐம்பதைத் தாண்டிய மனுஷன் தன் வீட்டுக்குள் திருடனைப் போல் குதிப்பதைப் பார்த்துக் கொளஞ்சி சிரித்ததும் உண்டு, அழுததும் உண்டு. நேற்று மாவு பிசையும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், விடியும்போது இல்லாமல் போனான்.

அவளுக்கு இப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“எங்கம்மா எறக்கறது? எனக்கு அடுத்த டிரிப் இருக்கு” என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து பைக்கில் பின்னாலேயே வந்திருந்த நல்லுசாமி, வேப்பந்தட்டையில் இருக்கும் அறிவழகனின் அண்ணன், முன்னால் வந்தார். “நம்ம ஊருக்கே கொண்டு போயிருவோம். என் வாசல்ல வச்சு எடுத்துரலாம்.”

“வேணாங்க மாமா” என்றாள் கொளஞ்சி. டிரைவர் பக்கம் திரும்பினாள். “கல்லுமேட்டுக்கு விடுங்கண்ணே. எங்க வூட்டுக்கு.”

நல்லுசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்லுமேட்டில் இருந்ததை வீடு என்று சொல்ல அவளைத் தவிர யாருக்கும் துணிச்சல் வராது. தாலுகா ஆபீசுக்கு நாலு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய மனைப் பட்டா. அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து, சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டியிருந்தது. வாசலுக்கு நிலை வைத்திருந்தார்கள், கதவு இல்லை. மேலே கூரையும் இல்லை, கீழே தரையும் இல்லை.

“பால் காய்ச்சாத வூட்டுல மொத மொதல்ல பொணமா போயி எறங்கறது? அப்பறம் அதுல யாரு குடியிருப்பா? அடப்பு வேற. ஆறு மாசம் பூட்டணும்.”

“பூட்டிக்கங்க மாமா. கதவு எங்க இருக்கு?”

“வெளையாடாத கொளஞ்சி. வயசுக்கு வந்த பொண்ண வச்சிருக்க. நாளைக்கு அந்த வூட்டுக்கு எவன் பொண்ணு பாக்க வருவான்?”

வண்டிக்குள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள் தமிழ்மொழி தலையை நிமிர்த்தினாள். “எங்கப்பாவ நடுத்தெருவுல போட்டு வச்சிருந்தா மட்டும் வருவானா பெரியப்பா?”

நல்லுசாமி பைக்கை எடுத்தார்.

கல்லுமேட்டில் பாதி வீடுகள் அரைகுறையாகத்தான் நின்றன. கட்டி முடித்துக் குடியேறியிருந்த நாலைந்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். யாரென்றுகூடக் கேட்கவில்லை. ஒருத்தி பெஞ்சு கொண்டுவந்தாள், இன்னொருத்தி பாய். பந்தல்காரர் வெயிலைப் பார்த்துவிட்டு, சுவர் மூலைகளில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துணியை இழுத்துக் கட்டினார். அறிவழகன் வீட்டுக்கு அன்றைக்குக் கூரை வந்தது.

நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். மணலும் கல்லும் கொண்டுபோகப் பின்சுவரில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். நல்லுசாமி அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “அடப்புக்கு வாசல் ஆவாது. பின்னால சுத்திக் கொண்டாங்க.”

கொளஞ்சி போய் நிலைக்கு முன்னால் நின்றாள்.

“இப்பிடிக் கொண்டாங்க.”

“சொன்னா கேளு.”

“பதினோரு வருசமா செவுரு ஏறிக் குதிச்சவரு மாமா. இன்னிக்கு வாசல் வழியா வரட்டும்.”

தூக்கியிருந்தவர்கள் நல்லுசாமியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு தானே முன்னால் வந்து தம்பியின் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். நிலையில் தலை இடித்துவிடாமல் குனிந்து உள்ளே போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கொளஞ்சிக்கு அழுகை வந்தது. அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். இனி எந்த ஹவுஸ் ஓனருக்காகவும் குரலை அடக்க வேண்டியதில்லை.

மதியத்துக்கு மேல் திருமுருகன் மாலையோடு வந்தார். நிலைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, “உள்ள வரலாமாம்மா?” என்று கேட்டார்.

“வாங்க சார்” என்றாள் கொளஞ்சி.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிடக் குடம் குடமாய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கழுவ என்ன இருக்கிறது? கொட்டிய தண்ணீர் அத்தனையையும் மண் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. பந்தல்காரர் துணியை அவிழ்த்துக்கொண்டு போனதும் உள்ளே மறுபடியும் வெயில் விழுந்தது.

“வா கொளஞ்சி, தலைக்கு ஊத்திக்கிட்டு எங்க ஊருக்குப் போவோம்” என்றாள் நல்லுசாமியின் மனைவி ஜோதி. “இங்க எப்பிடிப் படுப்ப? மேல ஒன்னுமே இல்ல.”

கொளஞ்சி மிச்சமிருந்த குடங்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் ஏறினாள். நிலைக்கு மேலே ஓடிய கான்கிரீட்டில் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். அது ஓரமாய் வழிந்து சுவரில் இறங்கியது.

“அங்க ஏன்டி ஊத்தற?”

“போட்டு அஞ்சு நாள்தான் ஆவுதுக்கா. இன்னிக்கு யாரும் நனைக்கல, வெடிச்சுரும்.”

காய்ந்து வெளுத்திருந்த சிமெண்டு தண்ணீர் பட்ட இடமெல்லாம் கறுத்தது. தமிழ்மொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த குடத்தைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினாள்.