பறியைக் கடித்த வாய்

வெண்ணிலா கோபத்தோடு இறங்கினால் ஏரித் தண்ணீர் வெந்நீராகிவிடும். அன்று நண்டுகள் சிவந்தே மேலே வந்தன. அவள் நைனா கேசவன் அப்படியே இரண்டைத் தின்றார். அவர் பொய் சொல்ல மாட்டார்.

எல்லாம் அண்ணன் மனோஜால் வந்தது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள், மனசு சரியில்லாதபோது ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சொந்தப் பெயர் கிடையாது. வெண்ணிலா அங்கே நண்டு. சுண்ணாம்புக்குளத்துப் பெண்ணொருத்தி கெளுத்தி. கிரிக்கெட் பார்க்கத் தங்கச்சியின் போனை வாங்கிய மனோஜ், "காலையில எழுந்துக்கவே புடிக்கல நண்டு" என்று கெளுத்தி எழுதியிருந்ததை நம்பரோடு படம் பிடித்து ஊர்க் குழுவில் போட்டான். கூடவே சிரிக்கிற மூஞ்சிகள். பஸ் போவதற்கு முன்னால் அது சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் கெளுத்தியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும்போது இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே தவழ வேண்டும். நாள் முழுக்க வாய்க்குப் பூட்டு. வெண்ணிலாவுக்குப் பேச்சே வராது என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

அன்று மூவரும் தடவிக்கொண்டிருந்த நடு ஏரியில் அவள் வாயிலிருந்து பறியை எடுத்தாள்.

"டேய் மனோஜு!"

பூநாரைகள் எழும்பி ஆந்திராவுக்குப் போய்விட்டன. அந்த வருஷம் திரும்பவே இல்லை.

மனோஜும் பறியை எடுத்தான். "அண்ணன்ற மரியாதி இல்ல? தமாசுக்குப் போட்டேன் மே."

"அவ இருக்காளா இல்லியான்னே தெரில. உனுக்குத் தமாசா?"

"மூஞ்சிகூட பாத்ததில்ல, அவளுக்காவ..."

"போன மாசம் நான் துன்னாம கெடந்தப்ப நீ இன்னா கேட்ட? 'கொயம்பு காரமா'ன்னு கேட்ட. இன்னா ஆச்சின்னு கேட்டவ அவதான்டா!"

கேசவன் பறியை எடுக்கப் போனார்.

"நைனா, நீ கடிச்சிக்கினே இரு."

அவர் கடித்துக்கொண்டார்.

மனோஜ் சிரித்தான். வெண்ணிலா அவன் பறியைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணித்தாள். "வாயத் தொறக்க எங்களுக்கு ஒரே எடம். அதையும் நாறடிச்சிட்ட."

அவள் தலையில் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த போன் அதிர்ந்தது. புது நம்பர்.

"இருக்கேன் நண்டு. வூட்ல போன புடுங்கிக்கினாங்க. ஒரே திட்டு. இது சித்தி போனு."

வெண்ணிலா மூச்சு விட்டாள். கோபம் துளியும் ஆறவில்லை. "வூடு எங்கன்னு சொல்லு, வரேன்" என்று அனுப்பிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நட. தப்பு என்னுதுன்னு அவங்க வூட்ல உன் வாயால சொல்லு. அங்கதான் பறிய எடுக்கணும்."

சுண்ணாம்புக்குளம் வரைக்கும் மனோஜ் அதை எடுக்கவில்லை. அவள் நடந்த வழியெல்லாம் ஏரி கொதித்துக்கொண்டிருந்தது.