நடுவில் நின்றவர்

சுருளி அருவிச் சாலையின் வணிக வரலாற்றில் ஒரு மாபெரும் சகாப்தம் இன்று அதிகாலையோடு முடிவுற்றதாக, ஆட்டோவில் கட்டிய மைக் அறிவித்துக்கொண்டே போனது. சகாப்தத்தின் அளவு பத்தடிக்குப் பத்தடி. சிரட்டைக் குரங்கும் மரப்பம்பரமும் மூங்கில் புல்லாங்குழலும் விற்கிற கடை. அதன் உரிமையாளரும் சாலைக் கடைக்காரர் சங்கத் தலைவருமான அழகுமலை மாரடைப்பில் போய்விட்டார்.

பக்கத்துக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியபடி தம்பி சீனிச்சாமி அதைக் கேட்டார். சாமியானாவுக்குச் சொல்லப் போனவர், ஞாயிற்றுக்கிழமை என்ற பழக்கத்தில் கடையைத் திறந்துவிட்டிருந்தார். 'மாபெரும்' என்ற இடத்தில் கை தானாக நின்றது.

இரண்டு கடைக்கும் சரக்கு ஒரே மூட்டையில்தான் வரும்; அண்ணன் அதன் மேல் தன் கையால் ஒரு பூச்சு வார்னிஷ் பூசுவார், அவ்வளவுதான். ஆனாலும் வேனில் வந்து இறங்குகிற கூட்டம் சீனிச்சாமியைத் தாண்டித்தான் அண்ணனிடம் போகும். "அந்தக் கடை குரங்கு சிரிக்குதுங்க" என்று ஒரு அம்மா விளக்கம் வேறு கொடுத்தாள்.

இன்று அண்ணனுக்காகச் சாலையில் ஏழு கடையும் அடைப்பு, அதுவும் அருவியில் தண்ணீர் கொட்டுகிற நாளில். தான் செத்தால் எத்தனை அடைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே துஷ்டி வீட்டுக்கு நடந்தார்.

அங்கே ஆண்டிபட்டி பஸ்ஸில் வந்திறங்கிய மொக்கம்மாள் அத்தை, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏலே சீனி! என்னப் பெத்த ராசா, போயிட்டியேய்யா!"

சீனிச்சாமிக்கு அதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. பிறகு முன்னால் போனார். "அத்தே, நான் இங்கனதான் இருக்கேன்."

அத்தை மேலும் கீழும் பார்த்தாள். "போன்ல ஒரே அழுக, ஒண்ணும் வெளங்கல. முக்குல பிளெக்ஸப் பாத்தா ஒன் மொகத்தப் போட்டிருக்காக!"

"போனது அண்ணன், அத்தே."

"ஆத்தாடி, பெரியவனா?"

அத்தை தெருவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அதுவரை அழுதது தொண்டையைச் சரிபார்த்தது போலாகிவிட்டது. இப்போது எழுந்த ஓலத்தில் கொட்டுக்காரர்களே அடிப்பதை நிறுத்தினார்கள்.

சீனிச்சாமி முக்குக்குப் போனார். பன்னிரண்டடி பிளெக்ஸ். 'கண்ணீர் அஞ்சலி'. அழகுமலை என்ற பெயருக்கு மேலே வட்டத்துக்குள் சீனிச்சாமி. சங்கச் செயலாளர் ஷேக் மைதீன் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீக சீனி. சங்க போட்டோவ அனுப்பி, நடுவுல நிக்கிறவருதான் தலைவருன்னு பிரிண்டிங் கடையில சொல்லிட்டேன். எப்பவும் அண்ணன்தான நடுவுல நிப்பாக?"

எப்போதும் அப்படித்தான். அந்த ஒரு படத்துக்கு மட்டும், கேமராக்காரன் 'ரெடி' என்ற நொடியில், சீனிச்சாமி முழங்கையால் இடித்து நடுவில் நுழைந்திருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்.

"கழட்டிரச் சொல்லவா?"

சீனிச்சாமி சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். நல்ல இடம். அருவிக்குப் போகிற வண்டியெல்லாம் திரும்புகிற முக்கு. வந்த வேன் ஒன்று வேகத்தைக் குறைக்க, உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்கள். கடை போட்ட நாளிலிருந்து ஒரு வேனும் அவருக்காக வேகம் குறைத்ததில்லை.

"இருக்கட்டும் பாய். படம் நல்லாத்தான விழுந்திருக்கு?"

"மதினி பாத்தாகன்னா?"

"அவுக எங்க இப்ப முக்குக்கு வரப்போறாக."

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார். சீனிச்சாமி இன்னும் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் குறையில்லை, தலைவர் மாதிரியேதான் இருந்தது. தோளில்தான் என்னவோ ஒட்டியிருந்தது. வார்னிஷ் கறை படிந்த நாலு விரல். வட்டமாக நறுக்கியவன் கவனிக்கவில்லை போல.

அந்தப் பன்னிரண்டடியில், பெயரைத் தவிர, செத்தவருடையது அது மட்டும்தான்.