பெற்றோர் பக்கத்து நாற்காலி

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஏர்போர்ட் மேடம் என்று பெயர். விமானத்தில் அவள் ஒரு முறைகூட ஏறியதில்லை. பிள்ளைகளை ஏற்றி அனுப்புவதுதான் வேலை. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருந்தது. மூன்றாம் வருடப் பிள்ளைகள் அரை வருடம் அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம். விடுதி அவர்கள் பொறுப்பு, டிக்கெட் இவர்கள் பொறுப்பு. இப்படித் தட்டில் வைத்து நீட்டியும் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஈ ஓட்டவும் இடம் போதாத அறை அது. மாடிப்படிக்குக் கீழே, முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். யாராவது படியிறங்கினால் தலைக்கு மேல் தடதடவென்று இடி இடிக்கும். ஒருநாள் பதிவாளர் வந்து வாசலிலேயே நின்றார். தூசி ஒத்துக்கொள்ளாத மனிதர். எந்த அறைக்குப் போனாலும் முதலில் தும்முவார், பிறகுதான் பேசுவார்.

"இந்த வருஷமும் இடம் காலியாப் போச்சுன்னா, இந்த ரூமைப் பழையபடி நாற்காலிங்களுக்கே கொடுத்துடலாம்னு இருக்கோம் மேடம்."

"நாற்காலிங்க மனு கொடுத்திருக்கா சார்?"

பதிவாளர் சிரிக்கவில்லை. இன்னொரு தும்மல் போட்டுவிட்டுப் போனார்.

அவள் கூட்டம் போட்டுப் பார்த்தாள். டீ, பிஸ்கட் உண்டு என்று அறிவித்ததால் அரங்கு நிறைந்தது. பிஸ்கட் தீர்ந்ததும் அரங்கும் தீர்ந்தது. மிச்சமிருந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, ஏன்தான் போக மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள். அங்கே வாங்கும் மதிப்பெண் இங்கே கணக்கில் ஏறாது என்றான் ஒருவன். அதற்காகவே போன வருடம் முழுக்க அவள் துறைத் துறையாக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்திருந்தாள். ஏறும் என்று எல்லாத் துறைத் தலைவர்களையும் சம்மதிக்க வைத்தாயிற்று. கைச்செலவுக்கு என்ன செய்வது என்றாள் ஒருத்தி. அது நியாயமான பேச்சு. அதற்கும் ஓர் உதவித்தொகையைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். "அம்மா விட மாட்டாங்க மேடம்" என்று பலபேர் சொன்னார்கள். கடைசியாக ஒரு பையன், தான் இல்லாவிட்டால் வீட்டு நாய் சாப்பிடாது என்றான். நாயோடு பேச வழியிருந்தால் அவள் அதையும் பேசிப் பார்த்திருப்பாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். காரணம் சொன்ன ஒவ்வொருவரும், சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். நீ போறியா? நீ போனா நான் போறேன். முதலில் தண்ணீரில் இறங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அடுத்தவன் இறங்கிவிட்டால் கரையில் நிற்கவும் யாருக்கும் மனசு வராது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை வளாகத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அந்தக் கடையில் பிரதி எடுக்காத தாளும் இல்லை, கடைக்காரர் பிரதி எடுக்காத செய்தியும் இல்லை.

"ஒரு காப்பி போடுங்க. படிச்சிடாதீங்க, கொஞ்சம் ரகசியம்."

"நான் எதுக்கு மேடம் படிக்கப் போறேன்?" என்றார் அவர், படித்துக்கொண்டே.

தாளில் இருந்தது ஒரே வரி: 'கணினித் துறையே எல்லா இடங்களையும் கேட்டுவிட்டால் மற்ற துறைகளுக்கு என்ன பதில் சொல்வது?'

கேள்விதானே. கேள்வி எப்படிப் பொய்யாகும் என்று அவள் தன் மனசாட்சிக்கு வழியிலேயே பதில் சொல்லிவிட்டு, அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் கதவு தட்டப்பட்டது. இயந்திரவியல் துறைப் பையன்கள் கூட்டமாக வந்து, இது அநியாயம் என்றார்கள். வேதியியல்காரர்கள், இயந்திரவியல்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். கணினித் துறையினர், நாங்கள் எப்போது கேட்டோம் என்று குழம்பி வந்து, வந்ததுதான் வந்தோம் என்று பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாய் வளர்க்கும் பையனும் வரிசையில் நின்றான்.

"நாய்?" என்று கேட்டாள்.

"அதுக்கும் கொஞ்சம் பொறுப்பு வரணும் மேடம்."

அடுத்த படலம் பெற்றோர். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுப்பவர் நேரில் வந்து பேச வேண்டும் என்பது அவளே போட்ட விதி. வந்தவரை மடக்காமல் அவள் அனுப்பியதில்லை. அவர்களில் மறக்க முடியாதவர் ஒரு பூட்டுக்கடைக்காரர். இயந்திரவியல் பையன் ஒருவனுக்கு அப்பா. உட்கார்ந்ததும் தொழிலை ஆரம்பித்துவிட்டார்.

"அந்த விடுதி ரூமுக்கு என்ன பூட்டுங்க?"

"பூட்டு இல்லைங்க. கார்டு தேய்ச்சாத் திறக்கும்."

"கார்டா! கார்டெல்லாம் ஒரு பூட்டா? ஜன்னலுக்குக் கம்பி உண்டா? தாழ்ப்பாள் உள்ளயா வெளியிலயா?"

அவர் கேட்கக் கேட்க அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள்.

"உங்க வீட்டுல பையன் ரூமுக்கு என்ன பூட்டு சார்?"

"அதுக்கு எதுக்குப் பூட்டு? வாசல்லதான் நான் உட்கார்ந்திருக்கேனே!"

"அதான் சார், அவன் போறேங்கறான்."

மனிதர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "சமைக்கத் தெரியாதே அவனுக்கு" என்றார் கடைசி முயற்சியாக. "பசிச்சா தெரிஞ்சுடும்" என்றாள். "சின்னப் பையன்மா." "இருபது வயசு. பெரிய ஆள் சார்." கையெழுத்தாயிற்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் கணவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். பின்கட்டு அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக வைத்து இழைப்பார். அதிகம் பேசாதவர். பூட்டுக்கடைக்காரர் கதையை அவள் நடித்தே காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவர் "ம்" என்றார்.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் மூன்றாம் வருடம். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாலு சொன்னாள்:

"நானும் பேர் கொடுத்திருக்கேம்மா."

"எதுக்கு?"

"உன் ரூமை நாற்காலிங்க பிடுங்கிக்கக் கூடாதுன்னுதான்."

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"ப்ராஜெக்ட் என்ன ஆகறது?"

"அங்கயும் லேப் இருக்கு. நீதானே படம் போட்டுக் காட்டினே."

"அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்காது."

"'உடம்பு ஒரு வாரத்துல பழகிடும்'னு மைக்ல சொன்னது யாரு?"

"அது மத்த பிள்ளைங்களுக்குச் சொன்னது!"

"போகட்டுமே" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. எப்பவும் போல."

அவர் அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவள் போடவில்லை. கண்ணாடியைக் காணோம் என்றாள். மகள் தேடிக் கொடுத்தாள். நல்ல நேரம் இல்லை என்றாள். அதில் அவளுக்கே நம்பிக்கை கிடையாது. தலைவலி என்று படுத்தாள். ஊர்ப் பெற்றோர் எல்லாரும் சொன்ன சாக்குகளைக் கேட்டுக் கேட்டு அவளிடம் பெரிய கையிருப்பே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். வாலு ஒன்றும் சொல்லவில்லை. வாலு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாரக் கடைசியில் பதிவாளர் தும்மிக்கொண்டே அறைக்குள் வந்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்க மேடம். அந்த நாற்காலி எனக்கு வேணும்."

"என்ன சார், அறையைக் காலி பண்ணியாச்சா?"

"இல்ல. அடுத்த சந்திப்பு வேதியியல் மூணாம் வருஷம். அம்மா கையெழுத்துப் போட மறுக்கறாங்களாம். பொண்ணு முறைப்படி கேட்டிருக்கா. சொந்தப் பிள்ளை விஷயத்தை நீங்க விசாரிக்கக் கூடாது, நான்தான் விசாரிக்கணும். நீங்க இப்படி இந்தப் பக்கம் வந்து உட்காருங்க."

கதவருகில் வாலு பெஞ்சின் ஓரத்தில் பவ்வியமாக உட்கார்ந்திருந்தாள், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி. அதே பெஞ்சில், மகனின் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்க வந்த பூட்டுக்கடைக்காரர்.

இத்தனை பேரை உட்காரவைத்த நாற்காலியில் அவள் அன்றுதான் முதல்முறை உட்கார்ந்தாள். ஒரு கால் கட்டையாக இருந்தது. அசைந்தால் நாற்காலியும் ஆடியது. யாரும் இதைச் சொல்லவே இல்லையே என்று நினைத்தாள்.

"ஆட்சேபணையைச் சொல்லுங்க" என்றார் பதிவாளர்.

"சின்னப் பொண்ணு சார்."

"என்ன வயசும்மா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"இருபது."

"என் பையன் வயசு. அவன் பெரிய ஆள்னு நீங்கதானே சொன்னீங்க."

"சமைக்கத் தெரியாது."

"பசிச்சா தெரிஞ்சுடுமாம்."

"சார், இவர் நடுவுல பேசலாமா?"

பதிவாளர் யோசித்தார். "ஒரு பெற்றோர் இன்னொரு பெற்றோரோட பேசக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல மேடம். விதி நீங்க எழுதினதுதான்."

பூட்டுக்கடைக்காரர் தைரியம் வந்து பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். அவர் குரலில் கேலி குறைந்திருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு வாசல்ல யாரு உட்கார்ந்திருக்கறது?"

தலைக்கு மேல் யாரோ படியிறங்கிப் போனார்கள். அவள் பேனா மேசையின் எதிர்ப்பக்கத்தில் கிடந்தது. கை நீட்டிக் கேட்டு வாங்கினாள்.

வீடு திரும்பும்போது அம்மாவும் மகளும் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனார்கள்.

"கோவமா?" என்றாள் வாலு.

"பின்னே? என் விதியை வச்சே என்னை மடக்கிட்டு."

"நிஜமா எதும்மா உனக்குக் கஷ்டம்? குளிர், சமையல் கதையெல்லாம் வேணாம்."

ஒரு மருந்துக்கடையைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"நீ போயிட்டா சாயங்காலம் நான் யாருகிட்டப் போய்க் கதை சொல்றது? ஆபீஸ்ல என்ன நடந்தாலும், இதை வாலுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் வர்றேன்."

"அப்பாகிட்டச் சொல்லு."

"உங்கப்பாவுக்கு ஜோக் சொன்னா மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் சிரிப்பார்."

வாலு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

போகிற நாளும் வந்தது. விமான நிலையத்தில் ஏர்போர்ட் மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கையசைத்தாள். பூட்டுக்கடைக்காரர் மகனுடைய பெட்டிக்குத் தன் கடையிலேயே சிறந்த பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு கையசைத்தார். அதைக் கண்டுபிடித்து அவரை உள்ளே ஓட விட்ட களேபரத்தில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் போய்ச் சேர்ந்து சில நாட்களிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. எடுத்தால் மறுமுனையில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"அம்மா, நான் வந்துடறேன்மா. நம்ம பிள்ளைங்களை எல்லாம் வேற வேற விடுதியில போட்டுட்டாங்க, இங்க யாரும் என்கூடப் பேச மாட்டேங்கறாங்க. நான் ஜோக் சொன்னா ஒருத்தருக்கும் புரியல. டிக்கெட்டை மாத்திடு."

அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வா கண்ணு என்ற வார்த்தை. மகள் சொன்ன இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அவள் தினமும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்கட்டைப் பார்த்தாள். ஜன்னலோரம் கணவர் ஒரு மேல்வரிசைப் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாராளமா வா" என்றாள். "ஆனா உன் ரூம்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"ஏன்?"

"அப்பா அங்க பல்செட்டெல்லாம் அடுக்கி வச்சிருக்கார். உன் புத்தக அலமாரி பூரா. கட்டில்லயும் கொஞ்சம்."

மூக்கு உறிஞ்சுவது நின்றது. "என் கட்டில்லயா?"

"தலைமாட்டுல மட்டும்தான். பழகிடும்."

"பொய் சொல்றே நீ. வீடியோல காட்டு."

"இரு, கண்ணாடி எடுத்துட்டு வந்து கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள்.

பின்கட்டுக்கு ஓடினாள். "என்னங்க, சீக்கிரம்! இருக்கற பல்லையெல்லாம் எடுங்க!" விஷயத்தை அவள் அரைகுறையாகத்தான் சொன்னாள். கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாதிரிக்குச் செய்து வைத்திருந்தவை, பிசகிப்போனவை எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக அள்ளிக்கொண்டு மகள் அறைக்குள் போனார். அலமாரியில் வரிசையாக அடுக்கினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். திருப்தியில்லாமல், மேசை மேலிருந்த மகளின் பரிசுக் கோப்பைக்குள் ஒரு செட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தார். தலையணை மேல் இன்னொன்றை வைத்து, அதற்குக் கழுத்துவரை போர்வையும் போர்த்திவிட்டார்.

அவள் கையில் போன் ஆடியது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரையில் வாலு முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு கிறீச்சென்று ஒரு கத்தல், பிறகு சிரிப்பு. அழுததில் மிச்சமிருந்த கண்ணீரும் அதோடு சேர்ந்து வழிந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் அறைத்தோழி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். வாலு போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். போர்வை போர்த்திய பல்செட்டைப் பார்த்த அந்தப் பெண் கட்டிலில் விழுந்து புரண்டாள். இரண்டு பேரும் தங்கள் பாட்டுக்கு ஏதேதோ பேசிச் சிரித்தார்கள். இங்கே இருவர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அம்மா, இவ எல்லாத்தையும் கேக்கறா, நான் சொல்லணும். அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிக்கெட் பேச்சு வரவில்லை. அவள் மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

கணவர் ஜன்னல் திரையை விலக்கி, தலையணை மேலிருந்த செட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும். இங்க வெளிச்சம் நல்லா வருது."

"அவ ரூம்ங்க இது!"

"நீதானே கொடுத்தே" என்று சொல்லிவிட்டு, தன் முக்காலியைத் தூக்கி வரப் பின்கட்டுக்குப் போனார்.