மலையைச் சுற்றிப் போகும் வண்டி

வேன் சாவியை எங்கள் குழுவின் பல் டாக்டரிடம் கொடுத்தபோது, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிற தகப்பனைப்போல நின்றேன்.

“மொதல்ல மூணாவது கியர் போடணும். அப்புறம்தான் ஒண்ணு. நேரா ஒண்ணுக்குப் போனா விழாது, கோவிச்சுக்கும்.”

“சரி அங்கிள்.”

“கதவ இழுக்கிறப்ப லேசாத் தூக்கி இழுங்க. கண்ணாடிய…”

“அங்கிள், நான் தினமும் ரூட் கெனால் பண்றேன். ஒரு வேனை ஓட்ட மாட்டேனா?”

“பல்லு வலிச்சா ஆளு கத்துவான் டாக்டர். இது கத்தாது, உள்ளுக்குள்ளயே வெச்சுக்கும்.”

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் என் புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நெசமாவே ஏறப்போறீங்களா?” என்றாள். ஏன், கூடாதா என்றேன். “அதுக்கில்லங்க… முட்டி” என்றாள். அந்த முட்டி என்னுடையதுதான். ஆனாலும் அதைப்பற்றி இத்தனை அக்கறையாக அவள் பேசிக் கேட்டு நாளாகிவிட்டிருந்தது.

எங்கள் மலையேற்றக் குழுவுக்கு ஒரே ஒரு வேன், எல்லோருக்கும் பொது. பொது என்றால் ஏறி உட்கார எல்லோரும் உண்டு, கழுவ ஒருவரும் இல்லை என்று அர்த்தம். மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது எங்கள் வழக்கம். அதனால் யாராவது ஒருவர் ஏறாமல், வேனைச் சுற்றுச் சாலையில் ஓட்டிப்போய் மறுபக்கம் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் முறை வைத்துத்தான் ஓட்டினார்கள். என் முறை வந்தபோது சீட்டுக்கடியில் கறுத்துப்போன வாழைப்பழத் தோலையும், ஒற்றைக்கால் ஈரக் காலுறையையும், பெடலில் காய்ந்து கெட்டியான சேற்றையும் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினேன், காற்றடித்தேன், பாயைத் தட்டி வெயிலில் போட்டேன். அடுத்த முறை வேறொருவர் கையில் கியர் கரகரவென்று அலறியதைக் கேட்டுப் பொறுக்காமல், “நானே ஓட்டிடறேன்” என்றேன். “ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்றவர்கள் அதற்குள் பையை முதுகில் மாட்டிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கேப்டன். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவனை நடிகன் என்று சொல்லலாம் என்றால், நானும் மலையேறிதான்.

குழுவில் நானும் அவளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். மகள் வேலைக்கென்று தூர தேசம் போனபிறகு வீட்டில் மிஞ்சியது நாங்களும் ஒரு டிவியும். டிவிதான் அதிகம் பேசியது. சேர்ந்து நடந்தால் பேச்சு வரும் என்று யோசனை சொன்னவன் நான். அவள் நடந்தாள். நான் சுற்றிப்போய்க் காத்திருந்தேன். இறங்கி வந்ததும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போவாள். பின்னாலிருந்து யாராவது “அக்கா, அந்தப் பாறை!” என்றால் கண்ணை மூடியபடியே சிரிப்பாள். எந்தப் பாறை என்று நான் கேட்டால், “சொன்னா புரியாதுங்க.” குழுவின் படங்களை போனில் பெரிதாக்கிப் பார்ப்பேன். அவற்றில் அவளுக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகம் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஷூ, இந்த முட்டி, இந்தப் பல் டாக்டர்.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. “மெதுவா வாங்க கேப்டன், மேல உக்காந்திருப்போம்” என்றார் குழுத் தலைவர். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நுரையீரல் வாய்வழியாக வெளியே வந்து எட்டிப் பார்க்கிற நிலையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேலேயிருந்து பாட்டு கேட்டது. பெண் குரல். பழைய பாட்டு. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வரியும் காற்றில் நின்று இளைப்பாறிவிட்டு அடுத்ததற்குப் போனது. குழுவில் யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், சொல்லவே இல்லையே என்று நினைத்தேன்.

திருப்பத்தைத் தாண்டினேன். அகலமான பாறையில் என் மனைவி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலை நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் அசையவில்லை. படத்தில் பார்த்த முகம்தான். படம் பாதிகூடப் பிடித்திருக்கவில்லை.

அந்த இடத்தில் மனிதன் என்றால் சும்மா நிற்க வேண்டும். மரத்தோடு மரமாக நின்றிருக்கலாம். எனக்குத்தான் வாய் என்று ஒன்று இருக்கிறதே. நெஞ்சு நிறைந்துபோனால் எனக்கு அழுகை வராது, ஜோக்தான் வரும்.

“அடடா, குடை கொண்டு வரலியே!” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக அவளும் சிரித்தாள். வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. பிறகு குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தாள்.

“ஏன் நிறுத்திட்ட? பாடேன்.”

“அவ்ளோதாங்க. முடிஞ்சிருச்சு.”

“அக்கா எப்பவும் இந்தப் பாறையில பாடுவாங்களே,” என்றார் தலைவர். “வீட்லயும் கச்சேரிதான்னு நெனச்சேன். கேப்டன் குடுத்து வெச்சவர்!”

“ஆமாமா, தினமும்” என்றேன். அவள் நாடாவை இறுக்கினாள். மேலே நிமிரவில்லை. காற்று அடித்தது. யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். நான் போகும்வரை அந்தப் பாறைமேல் ஒன்றும் நடக்காது என்று எனக்குப் புரிந்தது. ஆய்வுக்கு வந்த மேலதிகாரிகூட இவ்வளவு வேகமாக ஒரு இடத்தைக் கப்சிப் ஆக்கியதில்லை.

“வண்டி நெனப்பாவே இருக்கு,” என்றேன். “அந்த டாக்டர் கியர்ப் பெட்டியவே பிடுங்கி வெச்சிருவாரு. நான் எறங்கறேன்.”

தலைவர் மரியாதைக்குத் தடுத்தார். அவள் தடுக்கவில்லை. “ஆமாங்க, வண்டி பாவம். பாத்து எறங்குங்க” என்றாள். சொல்லும்போதே தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் தோள்கள். பொய் சொல்லத் தெரியாதவை.

கீழே, வேன் விட்ட இடத்திலேயே நின்றது. பல் டாக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். “ஒண்ணாவது கியர் விழவே மாட்டேங்குது அங்கிள்.” நான் ஏறி உட்கார்ந்தேன். மூன்று, பிறகு ஒன்று. போய்ச் சேர்ந்தோம்.

மறுபக்கம், பாதை இறங்கிவரும் இடத்துக்கு நேர் எதிரே, தூரத்திலேயே கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்தேன். சேற்றுக் கால்களுக்காகத் தரையில் பிளாஸ்டிக் விரித்தேன். அப்போது மரங்களுக்குள்ளிருந்து அந்தக் குரல் இறங்கி வந்தது. வேறு பாட்டு. நடையின் தாளத்துக்குப் பாடினாள், நடுவில் யாரோ கைதட்டினார்கள். இன்னும் ஒரே ஒரு திருப்பம். அதைத் தாண்டினால் வேன் தெரியும், வேன் தெரிந்தால் நான் தெரிவேன்.

“அங்கிள், வந்துட்…” என்று ஆரம்பித்த டாக்டரை உதட்டில் விரல் வைத்து அடக்கினேன். உள்ளே ஏறி, சாவியைப் பாதி மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். சரிவு தானாக இழுத்துக்கொண்டது. டயருக்கடியில் சிறு கற்கள் நொறுங்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. டாக்டர் ஒன்றும் புரியாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வந்தார். சாலையின் வளைவைத் தாண்டியதும், எஞ்சின் ஓடாததால் கல்லாக இறுகிப்போன பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, வேனைப் புதர் மறைவில் நிறுத்தினேன்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். மேலே அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.