திரும்பி வந்த பதினொரு பெட்டிகள்

கல்மண்டபத்தில் லூர்து கருவாட்டுக் கிடங்கு தொடங்கிய நாளிலிருந்து, அங்கிருந்து போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. லூர்துவின் மகன் ஸ்டானிஸ்லாஸ் எழுபத்தோரு வயதிலும் இதை யாரிடமும் சொல்லத் தவறமாட்டார். நாற்காலியில் சாயாமல், முதுகு நிமிர்ந்தபடிதான் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் வாசலில் திங்கட்கிழமை பட்டப்பகலில் பதினொரு பெட்டிகள் வந்து இறங்கின.

மாதவரத்தில் சரக்கு எடுக்கும் பெரிய கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கருவாட்டில் குறையில்லை. பெட்டி மேல் ஒட்டியிருந்த பார்கோடு அவர்கள் மெஷினுக்குப் புரியவில்லை. அடுத்த லோடிலும் இப்படி ஒரு பெட்டி வந்தால் இனி உங்களிடம் வாங்கமாட்டோம் என்று கூடவே ஒரு கடிதம்.

எதிர்ப்பக்கம் ஐஸ் கடை வைத்திருக்கும் வரதன் சும்மா இருப்பானா?

"இன்னா பெருசு, மீனு திரும்பிக் கடலுக்கே போவுதா?"

ஸ்டானிஸ்லாஸ் உள்ளே போய் மங்கம்மாவைப் பிடித்துக்கொண்டார். பெட்டி கட்டும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷ வேலைக்காரி. அவரை நைனா என்று கூப்பிடும் உரிமை அந்தக் கிடங்கில் அவள் ஒருத்திக்குத்தான்.

"ஒரு லேபிள் ஒழுங்கா ஒட்டத் தெரியல. எங்கப்பா பேரு இன்னைக்கு ரோட்டுல கிடக்குது."

எட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மங்கம்மா எதையோ சொல்ல வாயெடுத்து, அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கறேன் நைனா" என்று மட்டும் சொன்னாள்.

இனி ஒவ்வொரு பெட்டியையும் நாமே ஸ்கேன் பண்ணிப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றுவது என்று பெரியவர் முடிவெடுத்தார். வியாழக்கிழமை காலை மண்ணடியிலிருந்து சுஹைப் இரண்டு ஸ்கேனர்களோடு வந்தான்.

"இது சாதாரணம் சார். செவப்புக் கோடு அடிச்சுப் படிக்கும். இன்னொன்னு போட்டோ புடிச்சுப் படிக்கும். லேபிள் கசங்கியிருந்தாலும், பாதி அழிஞ்சிருந்தாலும் விடாது. விலையும் மூணு பங்கு."

"லூர்து கிடங்குக்கு உசந்ததுதான் வாங்குவோம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"வாங்கு நைனா, யாரு வேணான்னது? நம்ம பெட்டிய வெச்சிப் பாத்துட்டு வாங்கு" என்ற மங்கம்மா, அப்போதுதான் லேபிள் ஒட்டிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

சாதாரண மெஷின் 'பீப்' என்றது.

"துடைக்காத பெட்டியிலயா பாக்கறது?" என்று பெரியவர் எழுந்தார். உப்புத்தூசியோடு நம் பெட்டி தெருவில் இறங்கக்கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம். வண்டியில் ஏறும் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்டானிஸ்லாஸ் தன் கையாலேயே ஈரத்துணி போட்டுத் துடைப்பார். இன்றும் மூலை முடுக்கெல்லாம் அழுத்தித் துடைத்தார்.

சாதாரண மெஷின் இப்போது வாயைத் திறக்கவில்லை. சுஹைப் மூன்று முறை காட்டியும் மௌனம். உசத்தி மெஷினைக் காட்டியதும் உடனே 'பீப்'.

"பாத்தியா? இத்தையே கொடுத்துட்டுப் போ தம்பி."

"பாய், ஒரு நிமிசம்" என்றாள் மங்கம்மா. "மாதவரத்துல இன்னா மெசின் வெச்சிக்கினு கீறாங்கோ?"

"அங்கயா? நான்தான்கா போட்டேன். எல்லாம் இந்தச் சாதாரணம்தான். முப்பது வாங்கினாங்க."

"அப்போ இந்த உசந்த மெசின வாங்கினா, பெட்டி நம்மகிட்ட கத்திட்டு அங்க போயி கத்தாது. பெட்டி திரும்ப நம்ம வூட்டுக்குத்தான் வரும்."

சுஹைப் சிரித்தேவிட்டான். "கரெக்ட்டுக்கா. சோதிச்சு அனுப்பறதுக்குன்னா அவங்க வெச்சிருக்கறதேதான் வேணும். இங்க படிக்காதது அங்கயும் படிக்காது. ஆனா சார், இந்த லேபிள் இப்பத்தானே நல்லா படிச்சுது. நீங்க அந்தத் துணியால..."

"பாய், நீ மெசினப் பத்திச் சொல்லு. போதும்."

அவள் வெடுக்கென்று வெட்டிய வேகத்தில்தான் ஸ்டானிஸ்லாஸ் கையைப் பார்த்தார். துணியில் கறுப்பு மை. பெட்டியில் கோடுகள் ஒன்றோடொன்று இழுபட்டுக் கிடந்தன. முன்பெல்லாம் பெட்டியில் அச்சடித்த பெயர் மட்டும்தான். லேபிள் ஒட்ட ஆரம்பித்ததே போன லோடில்தான். அழுக்கு அதிகமாக இருந்த பெட்டிகளை எப்போதும் இன்னும் அழுத்தித் துடைப்பார். போன லோடில் அப்படிப் பதினொன்று இருந்திருக்கும்.

சாதாரண மெஷினையே வாங்கிக்கொண்டு சுஹைபை அனுப்பினார். பெண்கள் டீ குடிக்கப் போனதும் கேட்டார்: "திங்கக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எட்டுப் பேரு நின்னுக்கினு இருந்தாங்கோ. உன் கைதான் கெடுத்துச்சின்னு அவங்கோ முன்னாடி எப்பிடிச் சொல்றது? தனியா சொல்லலாம்னா நீதான் மூணு நாளா மூஞ்சியே குடுக்கலியே."

பெரியவர் மை பட்ட துணியை மடித்து வைத்தார். தன் குடும்ப மானத்தைத் தான் ஒருவன்தான் காவல் காக்கிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

"உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன் மங்கம்மா."

"இன்னா நைனா, கோயில்ல பைபிள் படிக்கிற மாதிரி பேசற. துடைக்கறத வுடாத. லேபிள் ஒட்றதுக்கு மின்னாடி துடை, அவ்ளோதான்."

அடுத்த லோடு சனிக்கிழமை. அந்தக் கிடங்கில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் வீட்டில் மூத்தவர்தான் அதை முதலில் பயன்படுத்தவேண்டும். தராசானாலும் சரி, தள்ளுவண்டியானாலும் சரி. ஸ்டானிஸ்லாஸ் ஸ்கேனரை எடுத்தார். எட்டுப் பெண்களும் நிற்கிறார்களா என்று பார்த்தார். எதிரே வரதனும் நின்றிருந்தான். அவனுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அன்னைக்குத் திரும்பி வந்த பதினொண்ணும் என் கையால கெட்டது. மங்கம்மா மேல தப்பே இல்ல. தெரிஞ்சும் எனக்காக வாய மூடிக்கிட்டு ஏச்சு வாங்கினா."

சொல்லிவிட்டு மெஷினை அவளிடம் நீட்டினார். மங்கம்மா கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பெட்டி 'பீப்' என்றது. வரதன் உள்ளே போய் ஐஸ் உடைக்க ஆரம்பித்தான்.

நூற்றிருபது பெட்டிகள் போயின. சாயங்காலம் வண்டி திரும்பியபோது ஸ்டானிஸ்லாஸ் தானே போய்ப் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒரு தார்ப்பாயும் கொஞ்சம் உப்பும்தான் இருந்தன. கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டு, "மங்கம்மா, வந்து பாரு" என்று கூப்பிட்டார்.