எல்.ஆர். ப்ரோஸ்.

கம்பம் டவுனில் கடைகளுக்குப் போர்டு போட்டுப் பிழைக்கிறவள் நான். பேர் ஜெசி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இங்கிலீஷ் சுருக்கம் என்றால் கொள்ளைப் பிரியம். கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் முகத்தைவிட அவன் டிகிரி பெரிதாக இருக்க வேண்டும். எழுத்து ஒன்று குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். புள்ளி குறைந்தால் சண்டைக்கு வருவார்கள்.

காமயகவுண்டன்பட்டி ரோட்டில் இருந்த திராட்சைக் கமிஷன் கடைக்கு ‘எல்.ஆர். ப்ரோஸ்.’ என்று போர்டு போட்டதும் நான்தான். எல். என்றால் அண்ணன் லிங்கேஸ்வரன், ஆர். என்றால் தம்பி ராஜபாண்டி. பிரதர்ஸ் என்று முழுசாகப் போட்டால் பட்டிக்காட்டுக் கடை மாதிரி இருக்குமாம். சுருக்கினால்தான் கம்பெனியாகத் தெரியுமாம். சுருக்கினேன்.

ஆனால் கடையை நடத்தியது அவர்கள் தங்கை பாண்டீஸ்வரி. புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவது, பன்னீர் திராட்சையைத் தரம் பிரிப்பது, குமுளி வியாபாரிகளோடு மலையாளத்தில் மல்லுக்கட்டுவது எல்லாம் அவள். அண்ணன் கல்லாவில் உட்காருவார், தம்பி புல்லட்டில் உட்காருவார். அவள் நின்றுகொண்டே இருப்பாள். போர்டில் அவளுக்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது. “பொம்பளப் பேரு எதுக்கு?” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன தை மாதம் பாகம் பிரித்தார்கள். பழைய கடை தம்பிக்கு. எதிரிலேயே அண்ணன் புதுக்கடை போட்டார். முதலில் அவர்தான் என்னிடம் வந்தார்.

“ஏத்தா ஜெசி, எல்.ஆர். ப்ரோஸ்.னு ஒரு போர்டு போடு.”

“நீங்க இப்ப ஒத்த ஆளுதானண்ணே? ப்ரோஸ்னா ரெண்டு பேராச்சும் வேணும். ‘ப்ரோ.’ன்னு போடவா?”

“என்னைய காலேஜ் பயன்னு நெனச்சியா? கேரளாக்காரன் ப்ரோஸத் தேடித்தான் வருவான்.”

மறுநாள் தம்பி வந்தார். ஒற்றை ஆளான அவருக்கும் பன்மைதான் வேண்டுமாம், அதுவும் அண்ணன் போர்டைவிடப் பெரிதாக. போட்டுக்கொடுத்தேன். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு ப்ரோஸ் ரோட்டின் இரண்டு பக்கமும் தொங்கின.

தங்கச்சிக்கு என்ன என்று பாகம் பேசினவர்கள் யாரும் கேட்கவில்லை. காலையில் தம்பி கடை, மதியத்துக்கு மேல் அண்ணன் கடை என்று வேலை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். இருவரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

கொஞ்ச நாளில் பாண்டீஸ்வரியே என் கடைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை பிடித்திருந்தாள்.

“சேச்சி எங்கன இருக்கோ அங்கனதான் சரக்கு எடுப்போம்னு குமுளிக்காரவுக சொல்லிட்டாக, ஜெசி.”

“ரொம்பச் சந்தோசம்க்கா. ‘பி. அண்ட் கோ.’ன்னு சுருக்கமாப் போடவா? பெரிய கம்பெனி மாதிரி இருக்கும்.”

“கோன்னா?”

“கூட ஆளுக இருக்காகன்னு அர்த்தம்.”

“எங்கூட யாரு இருந்தாக?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாண்டீஸ்வரின்னு முழுசாப் போடு. ரோட்டுல போறவுகளுக்குத் தெரியணும்.”

எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் கடையில் இருக்கிற எழுத்துகளிலேயே பெரியதை எடுத்தேன்.

அந்தப் போர்டு ஏறிய அன்று சாயங்காலம், ஒரே புல்லட்டில் அண்ணனும் தம்பியும் என் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். பிரிந்த பிறகு இருவரையும் சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான். காலையிலிருந்து இரண்டு கடையிலும் குமுளி வண்டி ஒன்றுகூட நிற்கவில்லையாம்.

“ஆத்தா, அந்தப் போர்ட எறக்கிட்டு, எல்.ஆர். ப்ரோஸ்., பிராஞ்ச்னு மாத்திரு,” என்றார் அண்ணன்.

“ஏத்துன போர்ட நான் எறக்க மாட்டேண்ணே. அக்காகிட்டயே கேளுங்க.”

“கேட்டோம். வேலையா இருக்கேன், அப்புறம் வாங்கன்னுட்டா.”

தம்பி தொண்டையைச் செருமினார். “அதுல எங்க பேரு எங்கனயாச்சும் இருக்கா ஜெசி? கீழ, சின்னதாவாச்சும்?”

“ஒரு எழுத்துகூட இல்லண்ணே,” என்றேன்.