விசில் அடிக்காத மூடி

பாத்திரப் பட்டறை முதலாளிக்கு மாப்பிள்ளையைப் பார்த்தாலே வாயில் புளிப்புத் தட்டும். பெரிய படிப்புப் படித்துவிட்டு மாசக்கணக்கில் உட்கார்ந்து அந்த மகானுபாவன் கண்டுபிடித்தது என்ன? மூடியைத் தூக்குகிற குமிழ். தண்ணீர் கொதித்தால் விசில் அடிக்குமாம்.

"கொதிக்கிறது கண்ணுக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

"அடுத்த ரூம்ல டிவி பார்க்கிறவங்களுக்குத் தெரியாதே மாமா."

"அப்போ டிவிக்கு ஒரு மூடி செய்யுங்களேன்."

அன்று மொத்த வியாபாரி வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் வருஷம் முழுக்கப் பட்டறைக்கு வேலை. இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். இது தெரிந்தும், அந்த விசில் ஊமையாகிப் போகட்டும் என்று முதலாளியின் மனசில் ஒரு மூலை வேண்டிக்கொண்டது.

வேண்டுதல் பலித்தது. பட்டறை மூடியில் குமிழைத் திருகி வைத்த பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மூடி ஓரமெல்லாம் ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. குமிழ் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளை துணியால் பிடித்துக் குமிழைக் கழற்றி, ஆறவைத்து, வாயால் ஊதினான். கணீரென்று அடித்தது. "ஊதினா அடிக்குதே மாமா."

"அப்போ பாத்திரத்தோட உங்களையும் சேர்த்து வித்துடலாம்."

வியாபாரி சிரிக்கவில்லை. மூலையில் டீக்கு வைத்திருந்த பாத்திரத்தைக் காட்டினார். "அது யார் சரக்கு?"

முதலாளி தரையைப் பார்த்தார். வேற கம்பெனி சரக்கு. நம்ம மூடி நிக்காம ஆடுது என்று சொல்லி அவர் மனைவியே வாங்கி அனுப்பியது.

அந்த மூடியில் குமிழைத் திருகி அடுப்பில் ஏற்றினார்கள். கொதி வந்ததும் விசில் கூரையைப் பிய்த்தது.

இறுகிப்போன மூடி கடைக்குத் திரும்பி வரும், தொளதொளத்த மூடி வராது. அதனால் மூடியைக் கொஞ்சம் தளர்வாகவே செய்வதுதான் முதலாளியின் தொழில் ரகசியம். 'நம்ம மூடி எந்தப் பாத்திரத்துக்கும் உட்காரும்' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதும் அவர்தான். எதிலும் அழுந்தி உட்காராது என்பதை இதுவரை யாரும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

"குமிழ் அருமை தம்பி. எவ்வளவு செஞ்சாலும் எடுத்துக்கிறேன்," என்றார் வியாபாரி. பிறகு முதலாளியிடம், "மூடியை நான் வேற இடத்துல பார்த்துக்கிறேன்."

அவர் போனதும் முதலாளி தன் மூடியை ஒரு விரலால் தட்டினார். கடகடவென்று ஆடியது.

"இவ்வளவு குமிழை எங்க வெச்சுச் செய்யப்போறீங்க மாப்பிள்ளை?"

"இங்கதான் மாமா. மூடி மிஷினை எடுத்துட்டா தாராளமா இடம் இருக்கே."